ஐரோப்பிய ராணுவ அமைப்பு சுவர் சார்ட்: குறிகளுக்காக வாங்கலாம், ஏணியை நம்பாதீர்கள்

தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள போட்டித்தேர்வுப் புத்தகக் கடைகளில் இந்தச் சார்ட் தொங்குகிறது. மூன்றடிக்கு இரண்டடி, லேமினேஷன் போட்டது, 180 ரூபாய். ராணுவ அதிகாரி வேலைக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வை எழுதிவிட்டு, அதற்கடுத்த எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றின் படை அமைப்பையும், சிறிய பிரிவிலிருந்து பெரியது வரை, ஒரே ஏணியில் ஏற்றியிருக்கிறார்கள். கோளாறே அங்கேதான்.

செக்‌ஷன், பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன், ரெஜிமென்ட், பிரிகேட், டிவிஷன் என்று கீழிருந்து மேலே போகிறது. நம் பக்கத்தில் ரெஜிமென்ட் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட்தான் நினைவுக்கு வரும். ஒரே பெயருக்குள் பல பட்டாலியன்கள். அதனால் ரெஜிமென்ட் பெரியது, பட்டாலியன் சிறியது என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பிரிட்டனின் காலாட்படையிலும் பாராசூட் ரெஜிமென்ட் என்பது குடும்பப் பெயர் மாதிரி. 16ஆவது வான்தாக்குதல் பிரிகேடில் இருப்பவை 2 பாரா, 3 பாரா என்ற பட்டாலியன்கள். ஆனால் அதே பிரிட்டனில் டாங்கி ரெஜிமென்ட் என்பது பட்டாலியன் அளவுதான். பிரான்ஸில் காலாட்படை ரெஜிமென்ட்டும் அப்படியே, நேராக பிரிகேடின் கீழ் வரும். ஜெர்மனியில் பிரிகேடுக்குக் கீழே பட்டாலியன். ரெஜிமென்ட் அபூர்வம், பாராசூட் படையின் 26, 31 போலச் சில உண்டு. ஆக, பட்டாலியனுக்கும் பிரிகேடுக்கும் நடுவில் சார்ட் போட்டிருக்கும் அந்தப் படி மூன்று நாட்டிலும் பொருந்தவில்லை.

செக்‌ஷன் வரிசை இன்னும் மோசம். பிரிட்டனில் செக்‌ஷன் 8 பேர். பிரான்ஸில் அதே எழுத்துள்ள சொல் பிளட்டூனைக் குறிக்கும், முப்பது பேருக்கு மேல். அதற்குள் இருக்கும் சின்ன அணிதான் 'குரூப்'. சார்ட்டில் இரண்டு பத்தியிலும் 8 என்றே இருக்கிறது. தமிழாக்கமும் உதவவில்லை: பட்டாலியனும் 'படைப்பிரிவு', பிரிகேடும் 'படைப்பிரிவு'. பத்திரிகைகளும் இதைத்தான் செய்கின்றன, ஆனால் படிக்கிறவனுக்குச் சில நூறு பேருக்கும் சில ஆயிரம் பேருக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். பட்டாலியன், பிரிகேட் என்றே விட்டிருக்கலாம்.

காசு பெறுவது வலது பக்கத்து நேட்டோ குறிகள், அதாவது வரைபடத்தில் படைகளைக் காட்டும் அடையாளங்கள். நட்புப் படை நீலச் செவ்வகம், எதிரி சிவப்பு வைரம், நடுநிலை பச்சைச் சதுரம். உள்ளே குறுக்குக் கோடுகள் காலாட்படை, நீள்வட்டம் டாங்கி, கறுப்புப் புள்ளி பீரங்கி. தலைக்கு மேலே அளவு: மூன்று புள்ளி பிளட்டூன், ஒரு கோடு கம்பெனி, இரண்டு கோடு பட்டாலியன், ஒரு எக்ஸ் பிரிகேட், இரண்டு எக்ஸ் டிவிஷன். நிறத்தோடு வடிவமும் மாறுவதால் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸிலும் யார் எவர் என்று தெரியும். இந்தப் பகுதியில் ஒரு தப்பும் இல்லை.

பெரிய குறை, பேட்டில்குரூப்பே இல்லாதது. சண்டைக்காகப் பல வகைப் படைகளைக் கலந்து அமைக்கும் அணி அது. ஏணி என்பது முகாமில் இருக்கும்போதுள்ள குடும்ப அட்டை. களத்துக்குப் போகும்போது கலைத்துக் கோப்பார்கள். காலாட்படை பட்டாலியன் ஒரு கம்பெனியை டாங்கி ரெஜிமென்ட்டுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு டாங்கி ஸ்குவாட்ரனை (கம்பெனி அளவுள்ள டாங்கிப் பிரிவு) வாங்கிக்கொள்ளும். கூடவே பொறியாளர்கள், பீரங்கிக்கு இலக்கு சொல்பவர்கள். காட்டிலும் ஊருக்குள்ளும் டாங்கிக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது, காலாட்படைக்கு டாங்கியில் இருப்பது போன்ற பெரிய பீரங்கி கிடையாது. அதனால்தான் இந்தக் கலவை. எஸ்டோனியாவில் 2017 முதல் பிரிட்டன் தலைமையில் இருக்கும் நேட்டோ பேட்டில்குரூப்பில் பிரெஞ்சுக் கம்பெனியும் சேர்ந்திருந்தது. சார்ட்டை மட்டும் மனப்பாடம் செய்தவர் குழு விவாதத்தில் இங்கேதான் மாட்டுவார்.

அடியில் உள்ள ஸ்டாஃப் அட்டவணை, அதாவது தலைமையகத்தில் எந்தப் பிரிவு எதைக் கவனிக்கும் என்ற பட்டியல், ஜி1 ஆள், ஜி2 உளவு, ஜி3 நடவடிக்கை, ஜி4 சப்ளையோடு நின்றுவிடுகிறது. ஜி5 திட்டம், ஜி6 தகவல் தொடர்பு, ஜி7 பயிற்சி, ஜி8 நிதி, ஜி9 ராணுவம்-பொதுமக்கள் ஒத்துழைப்பு என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது சுருட்டிய பிரதியாகக் கேளுங்கள். மடித்த பிரதியில் மடிப்பு நேராகப் புள்ளி வரிசையில் விழுகிறது. மை உதிர்ந்து மூன்று புள்ளி இரண்டாகிவிட்டால் பிளட்டூன் செக்‌ஷனாகப் படிக்கும். வெயில் படும் சுவரில் மாட்டினால் சிவப்பு முதலில் வெளுக்கும். லேமினேஷன் மேல் பெர்மனென்ட் மார்க்கர் நன்றாக ஒட்டும், ரெஜிமென்ட் வரிசையை அடித்துத் திருத்த அதுவே போதும்.