வங்கியோடு கட்டிவைத்த கைப்பேசி எண்ணுக்கு எது: பிளாஸ்டிக் சிம்மா, இசிம்மா?

சிக்னல், வேகம் இரண்டிலும் வித்தியாசம் கிடையாது. அதைப் பேசி நேரம் போக்க வேண்டாம். வித்தியாசம் தெரிவது கைப்பேசி கெட்டுப்போகும் நாளில். அதனால் வங்கியோடு கட்டிவைத்த எண்ணுக்கு என் ஓட்டு பிளாஸ்டிக் சிம்முக்குத்தான்.

திரை செத்த போனைக் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் பழுதுபார்க்கக் கொடுக்கும்முன் ஊசியால் தட்டைத் தள்ளி, சிம்மை எடுத்துப் பழைய போனில் போட்டால் இரண்டு நிமிடத்தில் எண் வேலை செய்யும். யாரையும் கேட்க வேண்டாம். இசிம் அப்படியல்ல. அது போர்டில் பற்றவைத்த சில்லுக்குள் இருக்கிறது. அந்தச் சில்லுக்கென்று இஐடி என்ற 32 இலக்க அடையாள எண் உண்டு. *#06# அடித்தால் தெரியும். தொலைபேசி நிறுவனம் தரும் கியூஆர் குறியை ஒருமுறை ஸ்கேன் செய்து இறக்கியபின் பெரும்பாலும் அந்தக் குறி செல்லாக்காசு. கடைக்காரர் போர்டையே மாற்றினால் இஐடியும் மாறிவிடும், நிறுவனம் புதுக் குறி தந்தால்தான் எண் திரும்பும். நிறுவனத்தின் ஆப்பில் கேட்கலாமே என்று போனால் ஓடிபி (ஒருமுறைக் கடவு எண்) அனுப்புகிறேன் என்னும். எந்த எண்ணுக்கு? செத்துக் கிடக்கும் அதே எண்ணுக்கு! கடைசியில் மைகாட் அடையாள அட்டையோடு கவுண்டரில் வரிசை. ஞாயிறு இரவில் போன் விழுந்தால் விடியும்வரை ஓடிபி கிடையாது.

ஐபோனிலிருந்து ஐபோனுக்கு நேரடியாக மாற்றலாம்தான். ஆனால் பழைய போன் உயிரோடு இருக்க வேண்டும், நிறுவனமும் அந்த வசதியைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மாறும். அதை நம்பி இருக்காதீர்கள்.

திருட்டில் இசிம்முக்கே வெற்றி. பிளாஸ்டிக் சிம்மைத் திருடன் உருவி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி அவனுக்குப் போகும். மருந்து, சிம்மைப் பூட்டும் ரகசிய எண்ணான சிம் பின். தொடக்கப் பின்னை நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். ஊகித்து அடித்தால் மூன்றாவது தவறில் பூட்டிக்கொண்டு பியூகே என்ற திறப்பு எண்ணைக் கேட்கும். அதையும் 10 முறை தவறாக அடித்தால் அட்டை போச்சு.

இரண்டாவது எண்ணுக்கும் பயணத்துக்கும் இசிம் தாராளமாகப் போதும். பினாங்கிலிருந்து தாய்லாந்தின் ஹாட்யாய் போகிறவர்கள் பயண இசிம்மை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். எல்லை தாண்டியதும் மலேசிய எண்ணின் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். பயண இசிம்மைத் திரும்பும்வரை அழிக்காதீர்கள், பெரும்பாலும் மறுபடி இறங்காது.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: அமெரிக்கச் சந்தைக்கான ஐபோன் 14 முதல் சிம் தட்டு கிடையாது. 2025இல் வந்த ஐபோன் ஏரில் எந்த நாட்டிலும் கிடையாது. காசு கொடுக்கும்முன் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்.