கொள்ளை விலைக்குக் கடிவாளம்: ரூபாயிலா, சதவீதத்திலா?

கொரோனா வந்தபோது, 2020 மார்ச்சில், மத்திய அரசு முகக்கவசத்தையும் சானிடைசரையும் 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்துக்குள் கொண்டுவந்து நேரடியாக ரூபாயிலேயே உச்சவரம்பு வைத்தது: இரண்டடுக்கு முகக்கவசம் 8, மூன்றடுக்கு 10, 200 மில்லி சானிடைசர் 100. கலிஃபோர்னியாவில் வேறு வழி. அங்கே அவசரநிலை அறிவித்துவிட்டால் முந்தைய விலையிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது.

நம்ம முறையில் வாங்குகிறவருக்குக் குழப்பமே இல்லை, மருந்துக்கடையில் நின்று "பத்து ரூபாய்தானே?" என்று கேட்டுவிடலாம். ஆனால் துணி, கூலி, லாரி வாடகை எல்லாம் ஏறினாலும் அந்தப் பத்து அசையாது, கட்டுப்படி ஆகாத கடைக்காரர் சரக்கு எடுப்பதையே நிறுத்திவிடுவார், அப்புறம் மிஞ்சுவது பில் போடாமல் விற்பவர்தான். பட்டியலில் இல்லாத பொருளுக்கு அந்த ஆணையில் பாதுகாப்பும் இல்லை.

கலிஃபோர்னியா சட்டம் உணவு, பெட்ரோல், மருந்து, ஓட்டல் அறை, வீட்டு வாடகை வரை போகிறது. தன் செலவு உண்மையிலேயே ஏறியது என்று காட்டினால் வியாபாரி அதைச் சேர்த்துக்கொள்ளலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். சிக்கல் என்னவென்றால், பழைய விலை தெரிந்தால்தான் பிடிக்க முடியும். 2025 ஜனவரி லாஸ் ஏஞ்சலஸ் தீயின்போது இணைய விளம்பரங்களில் பழைய வாடகை பதிவாகியிருந்தது, மக்களே தோண்டி எடுத்தார்கள். தெருமுனைத் தண்ணீர் கேனுக்கு யார் பதிவு வைத்திருக்கிறார்கள்?

இருந்தாலும் என் ஓட்டு சதவீதத்துக்கே. ரூபாய் வரம்பு, அச்சிட்ட விலையோடு வரும் ஓரிரு பொருளுக்கு மட்டும் போதும்.