செட்டிநாட்டு வீட்டில் லேப்டாப் வைஃபை: கனமான சுவரும் ஒரு லேன் கேபிளும்

கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டில் இருந்துதான் வேலை பார்க்கிறேன். 100 எம்பிபிஎஸ் இணைப்பு. ரவுட்டர் முகப்பில், என் மேசை இரண்டாம் கட்டு அறையில். அங்கே லேப்டாப்பில் 6 எம்பிபிஎஸ் வந்தாலே பெரிய விஷயம்.

இணைப்பு கொடுத்தவர்களுக்குப் போன் போடும் முன் லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரவுட்டரில் செருகிப் பாருங்கள். எனக்கு 90க்கு மேல் வந்தது. ஆக, லைனில் குறை இல்லை. அப்புறம் விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட்ஷ் டபிள்யுலான் ஷோ இன்டர்ஃபேசஸ்’ (netsh wlan show interfaces) அடித்தேன். சேனல் 6, சிக்னல் முப்பது சதவீதத்துக்கும் கீழே. சேனல் 36, 44 என்று வந்திருந்தால் அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. 6 என்றால் 2.4. டிரைவர் அப்டேட், பவர் சேவிங்கை அணைப்பது எல்லாம் செய்தேன். பெரிய வித்தியாசம் இல்லை.

காரணம் சுவர்தான். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து முழக்கணக்கில் கனமாக எழுப்பிய சுவர்கள். நடுவே தேக்கு நிலைகள், இரும்புக் கம்பி ஜன்னல்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இந்தச் சுவரைத் தாண்டுவதற்குள் செத்துவிடும். 2.4 தாண்டி வரும், வேகம் இருக்காது. கடையில் ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் சாதாரண ரிப்பீட்டர் இருக்கிற வேகத்தையும் பாதியாக்கும். வேண்டாம்.

நான் செய்தது, முகப்பிலிருந்து வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, ஒரு கேட் 6 லேன் கேபிள் இழுத்து அங்கே ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகத் தரும் பெட்டி) வைத்தது. “சுவத்துல மட்டும் ஆணி அடிச்சிராதப்பா” என்று அப்பத்தா சொல்லிவிட்டார். நியாயம்தான், முட்டை வெள்ளை சேர்த்து மெருகேற்றிய அந்தப் பூச்சு பெயர்ந்தால் இன்று யார் போட்டுத் தருவது? உத்தரத்தின் மேலேயே கேபிளை ஓட்டி, ஆக்சஸ் பாயின்ட்டை வளவைப் பார்த்த மாதிரி தூணில் கட்டினோம். வளவு திறந்த வெளி. சுற்றியுள்ள அறைகளுக்குக் கதவு வழியே சிக்னல் தாராளமாகப் போகிறது. கதவைத் திறந்து வைத்தால் என் மேசையில் 80, சாத்தினால் 50.

ஒரு வெயில் காலமும் ஐப்பசி மழையும் பார்த்தாகிவிட்டது, தொந்தரவு இல்லை. ரவுட்டருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் ஒரே வைஃபை பெயர்தான் வைத்தேன். முதலில் லேப்டாப் முகப்பு ரவுட்டரையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. லேப்டாப்பின் வைஃபை அடாப்டர் அமைப்பில், அட்வான்ஸ்டு பகுதியில் ‘ரோமிங் அக்ரெசிவ்னஸ்’ (நல்ல சிக்னலைத் தேடி மாறும் வேகம்) அளவைக் கூட்டிய பிறகு தானாக மாறுகிறது. கரண்ட் போனால் மட்டும் இரண்டும் அணைந்துவிடும். அதற்கு ஒரு மினி யுபிஎஸ் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.