உள்ளங்காலைக் காட்டச் சொல்லுங்கள்: கிளினிக்கில் டெர்மடோஸ்கோப்போடு பல ஆண்டுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு கிளினிக் நடத்துகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள், அல்லது ஓய்வு பெற்றுப் பட்டணத்துக்குக் குடிவந்தவர்கள். காய்ச்சல், இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு இவற்றுக்கு நடுவே தோலைப் பார்க்கும் டெர்மடோஸ்கோப்பையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு குடும்ப டாக்டர் இதற்குக் காசு போடலாமா என்று இளைய டாக்டர்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்) அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். எந்த மாதிரியை வாங்குவது, எங்கே வைத்துப் பார்ப்பது என்பதில்தான் விற்பனையாளர்கள் சொல்வதும் என் அனுபவமும் ஒத்துப்போகவில்லை.

கருவி எளிமையானது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், அதைச் சுற்றி எல்.இ.டி. விளக்குகள், நடுவே போலரைசர் வடிகட்டி. தோலின் மேல் பட்டுத் தெறிக்கும் பளபளப்பை வடிகட்டி நிறுத்திவிடுவதால், அடியில் நிறமி எப்படிப் பரவியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். என்ன நோய் என்று கருவி சொல்லாது. அதைப் பார்க்கப் பழக வேண்டும். பழக அதிக நாள் பிடிக்காது. பார்சலோனாவிலும் நேப்பிள்ஸிலும் குடும்ப டாக்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. வெறுங்கண்ணால் பார்த்தவர்கள் தோல் புற்றுகளில் 54 விழுக்காட்டைச் சந்தேகித்தார்கள். கருவியோடு பார்த்தவர்கள் 79 விழுக்காட்டை. அதற்காகச் சாதாரண மச்சங்களை அவர்கள் கூடுதலாக அனுப்பிவிடவும் இல்லை.

நம் மக்களுக்கு மெலனோமா என்ற நிறமித் தோல் புற்று அரிதாகத்தான் வரும். வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில். வெயில் இதற்கு முக்கியக் காரணமும் கிடையாது. பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது இந்த வகைதான். 1981-இல், 36 வயதில் இறந்துபோனார். அரிது என்பதால் யாரும் தேடுவதில்லை. கால் ஆணி என்று நினைத்து வீட்டிலேயே பிளேடால் சீவிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டியின் தடிப்பு 1 மி.மீ.க்குள் இருக்கும்போதே வெட்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். 4 மி.மீ. தாண்டிவிட்டால் போராட்டம்தான்.

உள்ளங்கால் தோலில் மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடும். சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் கோடு போட்டதுபோல் நிற்கும். மெலனோமாவில் அது மேட்டின் மேல் பட்டையாகப் படரும். மேடு எது என்று குழம்பினால் வியர்வைத் துவாரங்களைத் தேடுங்கள்: மேட்டின் நடுவில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். அப்படியும் தெரியவில்லையா, வெள்ளைப்பலகை மார்க்கர் மையைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். மேட்டில் நிறம் இருந்தால், திட்டு எவ்வளவு சிறியதானாலும் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். மேட்டில் இல்லாவிட்டாலும், வழக்கமான மச்சத்தின் வடிவம் இல்லாமல் 7 மி.மீ.க்கு மேல் இருந்தால் அனுப்ப வேண்டும். ஜப்பானிய டாக்டர்கள் வகுத்த முறை இது. என் கருவி சம்பாதித்துக் கொடுத்த நன்மையில் பெரும்பங்கு இந்த ஒரு பாடத்தால் வந்தது.

பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மா மாதாந்திர மருந்துக்கு வந்திருந்தார். பாதத்தைக் காட்டச் சொன்னேன். "ஐயோ, டாக்டர் முன்னாடி காலை நீட்டறதா?" என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டார். படுக்கையில் படுக்க வைத்து, மிஸ்ஸி (தாதி) பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார். குதிகாலின் உள்பக்கம் ஒரு கருந்திட்டு. "அது அந்தக் காலத்துல முள்ளு ஏறுன தழும்பு டாக்டர், வலியே கிடையாது." லென்ஸை வைத்தால் பழுப்புப் பட்டைகள் மேட்டின் மேலேயே ஓடுகின்றன, ஒரு விளிம்பு மட்டும் அடர்ந்த கறுப்பு. ஈப்போ அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினேன். மேல்தோலைத் தாண்டாத மெலனோமா என்று திசுச் சோதனை சொன்னது. வெட்டியெடுத்துத் தோல் ஒட்டினார்கள். இப்போதும் மருந்துக்கு நடந்துதான் வருகிறார்.

நேர்மாறாக, பயத்தைப் போக்கவும் கருவி உதவுகிறது. செம்பனைக் குலை விழுந்து நகம் கறுத்துப்போய் வருவார்கள். நகத்தடி இரத்தம் சிவப்புக் கலந்த கறுப்பில், உருண்ட விளிம்போடு தெரியும். படமெடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்து வரச் சொல்வேன். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மி.மீ. அளவில் வளரும், திட்டு முன்னே நகர்ந்து, அடியில் தெளிந்த நகம் வந்திருக்கும். நகரவில்லை என்றாலோ கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலில் இறங்கியிருந்தாலோ தாமதிக்காமல் அனுப்பிவிடுவேன்.

தொல்லைகளும் உண்டு. நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்த பிறகுதான் நின்றது. தீபாவளி, கல்யாணக் காலங்களில் மருதாணி எல்லாவற்றையும் மறைத்துவிடும். தலைச்சாயத்தின் கறை மேட்டிலேயே படிந்து மெலனோமா போலவே ஏமாற்றும். அதனால் சாயம் பூசினீர்களா என்று முதலில் கேட்டுவிடுவேன். படங்களைப் புலனத்தில் சாதாரணமாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும், கோப்பாக அனுப்ப வேண்டும். நோயாளியின் சம்மதமும் வேண்டும். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதற்கு இருக்கிறது?

செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றையும் சில மாதம் வைத்துப் பார்த்தேன். ஒரே திட்டுக்கு வெளிச்சம் மாறினால் பதிலும் மாறியது, விட்டுவிட்டேன். இந்தத் துறை வளரும் என்று நம்புகிறேன். அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2024 ஜனவரியில் குடும்ப டாக்டர்களுக்கான டெர்மாசென்சர் கருவிக்கு அனுமதி கொடுத்தது. சிதறும் ஒளியை அளக்கும் கருவி அது. புற்றைத் தவறவிடுவது குறைவு, ஆனால் சாதாரணத் திட்டுகளையும் ஏராளமாகச் சந்தேகிக்கிறது. மெலனோமா அரிதாக வரும் இனத்தவரிடம் மேலும் சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அந்த இனத்தவரில் நாமும் அடக்கம். 2022-இல் ஸ்டான்ஃபர்டு ஆய்வாளர்கள் 656 படங்களை வைத்துச் சோதித்தபோது, செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களின் திறன் கருத்த தோலில் குறைந்தது. நம் பாதங்களைப் போதுமான அளவு பார்த்துப் பழகாத மென்பொருளிடம் முடிவை விட எனக்கு மனம் வரவில்லை.

வாங்குகிறவர்கள் போலரைசர் உள்ளதாக, கைத்தொலைபேசியில் காந்த வளையத்தால் ஒட்டக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். மிச்சப் பணத்தைப் பயிற்சிக்குச் செலவழியுங்கள். அனுப்பும் கடிதத்தில் "கருந்திட்டு" என்று மட்டும் எழுதாமல் மேட்டு வரியில் நிறம், இத்தனை மி.மீ., எவ்வளவு காலமாக என்று எழுதி, படத்தையும் இணைத்துவிடுங்கள். அப்படி அனுப்பத் தொடங்கிய பிறகு எங்கள் நோயாளிகளுக்குத் தேதி முன்கூட்டியே கிடைக்கிறது.