கும்பகோணத்தில் ரூமா, மன்னார்குடிப் பக்கம் வீடா? பிள்ளைகளோடு டெல்டாவில் தங்குவது பற்றி

அரையாண்டு விடுமுறைக்குக் காவிரி டெல்டா என்று முடிவானதுமே வீட்டில் மூன்று கட்சி கிளம்பியது. மாமியாருக்கு நவக்கிரகக் கோயில்கள் பார்க்க வேண்டும், ஆகவே கும்பகோணம். நாத்தனார் வீட்டுக்காரருக்குக் கடல் வேண்டும், ஆகவே தரங்கம்பாடி, இல்லையென்றால் வேளாங்கண்ணி. நான் மன்னார்குடிக்கும் வடுவூருக்கும் நடுவில் ஏதாவது கிராமத்தில் வீடு எடுக்கலாம் என்றேன். வீடுதான் எடுத்தோம். ஆக, இது நடுநிலைத் தீர்ப்பு அல்ல. வீட்டின் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

சுலபமான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ரயில் ஒரு பிரச்சினையே இல்லை. எழும்பூரில் ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது மன்னார்குடி. கும்பகோணத்துக்கு வண்டிகள் இன்னும் அதிகம். தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையில் இறங்கிக் கார் பிடிக்க வேண்டும். சாப்பாட்டில் கும்பகோணத்தை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. டிகிரி காபியும் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பாவும் மற்ற ஊர்களில் தேடினாலும் அந்தப் பதத்தில் அமையாது. செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு குடும்பத்துக்கு லாட்ஜில் மூன்று ரூம் போடுகிற காசில் முழு வீடே கிடைத்தது. ஆனால் காருக்கும் சமையலுக்கு வைத்த ஆளுக்கும் கொடுத்தது போக, மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காசை வைத்து இதை முடிவு செய்ய முடியாது.

எதை வைத்து முடிவு செய்வது? மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பதை வைத்துத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

டெல்டாவில் என்ன பார்க்கலாம் என்று யாரைக் கேட்டாலும் முக்கால்வாசி கோயிலாகத்தான் சொல்வார்கள். கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணியாகும். பெரியவர்களுக்கு அந்த நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் கச்சிதமாகச் சரியாகிவிடும். ஏழு வயதுப் பையனுக்கு அது நாலு மணி நேரம் பூட்டிய ரூம். கட்டில், டிவி, ஒரு போன், அதற்கு மூன்று பேர் சண்டை. ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணத்தில் தங்கியபோது இதை நன்றாகப் பார்த்தாகிவிட்டது. மூன்று மணிக்குள் பெரியவர்களுக்குக் கோபம் வந்துவிடும், சாயங்காலம் தாராசுரம் கோயிலில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். 800 வருஷத்துக்கு மேல் பழைய கல் தேரும் குதிரையும் எதிரில் இருக்கும். பையன் ஐஸ்கிரீம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

கும்பகோணத்தில் மதியத்துக்கு வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை செய்யும் பட்டறைகளில் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போனால் வேலையைப் பார்க்க விடுகிறார்கள். முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, காய்ந்தபின் சுடுகிறார்கள். மெழுகு உருகி வழிந்து போன இடத்தில்தான் உலோகம் நிற்கிறது. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்று கேட்டதும் நாத்தனார் பெண், "அப்ப இதே மாதிரி இன்னொண்ணு வராதா?" என்றாள். கோயிலில் ஒரு நாள் முழுக்கச் சொன்னாலும் ஏறாத விஷயம் அங்கே அரை மணியில் ஏறியது. தஞ்சாவூர் அரண்மனை வளாகத்துக் கலைக்கூடமும், திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனால், கைகொடுக்கும். ஆனால் இவை இரண்டு மதியத்துக்குத்தான் காணும். மூன்றாம் நாள் என்ன செய்வது?

இப்போது எங்கள் வீட்டு மதியத்தைச் சொல்கிறேன். முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. உரிமையாளர் குடும்பம் வெளிநாட்டில். டெல்டா கிராமங்களில் இப்படிப் பூட்டிக்கிடக்கும் வீடுகள் நிறைய. தெரிந்தவர் மூலமாகக் கேட்டால்தான் கிடைக்கும். பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர். கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால், சின்னதாய் ஒரு படித்துறை, மேலே புங்க மரம். முதல் நாள் மதியம் அவர் மூங்கில் குச்சியில் நரம்பைக் கட்டி, பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு நறுக்கித் தக்கையாகக் கோத்து, மூன்று தூண்டில் செய்து கொடுத்தார். "தக்கை அழுந்துனா இழு, ஆடுனா சும்மா இரு" என்பதுதான் மொத்தப் பாடமும். புழுவைத் தொடவே மாட்டேன் என்ற என் சின்னவள், மறுநாள் வாழை மரத்தடியில் தானே தோண்டிக் கொட்டாங்குச்சியில் புழு சேர்த்து வைத்திருந்தாள். கிடைத்ததென்னவோ விரல் நீளக் கெண்டைகள்தான், எல்லாவற்றையும் திரும்பத் தண்ணீரில் விட்டாயிற்று. நாலு மணி ஆனது யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பெரியவர்களில் ஒருத்தர் படித்துறையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். முழங்கால் ஆழ வாய்க்காலானாலும் இதில் சலுகை கிடையாது. நாங்கள் முறை போட்டுக்கொண்டோம்.

வயலில் போர் மோட்டார் இருந்தது. அதில் குளிப்பதற்கு மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். "கரண்ட் வந்துடுச்சு" என்று பெரியவர் குரல் கொடுத்தால் தொட்டிக்கு ஓட்டம்தான். மார்கழிக் காலையில் போர்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். அதை எந்த லாட்ஜ் வெந்நீர்க் குழாயோடும் ஒப்பிடமாட்டேன்.

ஏரியின் நேரமும் இந்தக் கணக்குக்கு ஒத்துவருகிறது. வடுவூர் ஏரி பாசன ஏரி. 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் வந்தது. பரப்பு சுமார் 128 ஹெக்டேர். விடிந்ததும் பறவைகள் இரை தேடி வயல்களுக்குக் கலைந்து போகும், சாயங்காலம் திரும்பும். அதனால் கரையில் நடக்க வேண்டியது காலை எட்டுக்குள்ளும் மாலை நாலரைக்குப் பிறகும்தான். மதியம் அங்கே போய் நிற்பது வீண். பக்கத்திலேயே தங்கினால் இரண்டு வேளையும் போகலாம். கும்பகோணத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் வந்து, பெரும்பாலும் பறவை இல்லாத பதினோரு மணிக்குத்தான் இறங்குகிறார்கள். கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும் பாம்புத்தாரா எல்லாம் ஏரிக்கரைப் பார்வைக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தோம். ஆனாலும் பிள்ளைகளுக்குப் பிடித்தது ரோட்டோர வயலில் நின்ற நத்தைகுத்தி நாரைதான். "அத்தை, அதுக்கு மூக்கு சரியா மூடலை" என்று நாத்தனார் பையன் கத்தினான். உண்மைதான், அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். வயல் நத்தையைப் பிடித்து உள்ளே இருக்கும் சதையை உருவி எடுப்பதற்கு வாகான அலகு அது. அதற்கப்புறம் காரில் போகும் வழியெல்லாம் நத்தைகுத்தி எண்ணுவதுதான் விளையாட்டு.

ஒரு நிபந்தனை. நான் இதுவரை சொன்னது எல்லாமே தண்ணீர் இருந்தால்தான். மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். தேதி மாறவும் செய்யும்: 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, கடைமடைக்குப் போய்ச் சேரவும் நாளாகும். ஆகவே மே மாத விடுமுறைக்கு வீடு எடுக்காதீர்கள். வாய்க்கால் காய்ந்து கிடக்கும், ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், பறவை இருக்காது. காலாண்டு விடுமுறையில் தண்ணீரும் நடவும் உண்டு, வலசைப் பறவைகள் வந்திருக்காது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் பறவைக் காலம். அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் அதற்குள் விழுவதால் அவை இரண்டுமே நல்ல பொருத்தம். பொங்கலுக்குப் போனால் சம்பா அறுவடையையும் பார்க்கலாம்.

டிசம்பரில் மழை பிடித்துக்கொள்ளும் என்ற பயம் நியாயமானதே. எங்களுக்கும் ஒரு நாள் முழுக்கக் கொட்டியது. ஆனால் முற்றத்தில் நாலு பக்கமும் ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டும்போது பிள்ளைகளை உள்ளே இழுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. லாட்ஜில் மழை நாள் என்றால் மறுபடி அதே டிவிதான்.

வீட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கொசு அதிகம், வலை கொண்டுபோக வேண்டும். இருட்டினால் டார்ச் இல்லாமல் கொல்லைப் பக்கம் போகக்கூடாது. வரப்பில் நடக்கும்போது பிள்ளைகளுக்கு ஷூ கட்டாயம், பாம்பு நடமாட்டம் உண்டு. அவசரத்துக்கு மன்னார்குடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஆனால் ராத்திரியில் வண்டி கையில் இருக்க வேண்டும். ஆற்றைப் பற்றிப் பெரியவர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அம்மா, ஆத்துல மட்டும் புள்ளைங்கள எறக்கிடாதீங்க. மொழங்கால் தண்ணி மாதிரிதான் தெரியும், அடுத்த அடியில ஆளுயரம் இருக்கும். மணல் அள்ளுன குழி எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியாது." நாங்கள் இறங்கவில்லை, நீங்களும் இறங்காதீர்கள். இன்னொன்று, இதைப் பெண்களுக்காகச் சொல்கிறேன்: சமையலுக்கு ஆள் கிடைத்தால் மட்டும் வீடு எடுங்கள். பத்துப் பேருக்கு மூன்று வேளை பொங்கிப் போடுவதற்கு நம் வீட்டிலேயே இருந்துவிடலாம். எங்களுக்குத் தெருவிலேயே ஒரு அக்கா வந்து செய்து கொடுத்தார். அவர் இல்லையென்றால் நானே கும்பகோணத்துக்கு ஓட்டுப் போட்டிருப்பேன்.

மாமியார் கணக்கும் ஓரளவு நேரானது. குரு தலமான ஆலங்குடி நீடாமங்கலத்துக்குப் பக்கம்தான். காலையில் போய்த் தரிசனம் முடித்து, திரும்பும் வழியில் நீடாமங்கலத்தில் பால்திரட்டு இனிப்பு வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு சாயங்காலம் மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோயிலும், அதன் 23 ஏக்கர் தெப்பக்குளமான ஹரித்ரா நதியும். மற்ற எட்டுக் கிரகங்களையும் பார்க்க வேண்டும் என்றால் கும்பகோணம்தான் சரி, அதில் வாதமே கிடையாது. திங்களூர் ஒரு கோடி, திருநள்ளாறு மறு கோடி. கும்பகோணத்தில் இருந்தால்தான் இரண்டு பக்கமும் எட்டும். பிள்ளைகள் பதின்மூன்று, பதினாலு வயதைத் தாண்டியவர்களாக இருந்தாலும் நான் கும்பகோணத்தையே சொல்வேன்.

கடலோரத்தைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நாங்கள் ராத்தங்கியதில்லை, பகலில் போய்த் திரும்பியதுதான். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பிள்ளைகள் ரசித்தார்கள். ஆனால் அலை பலமாக இருக்கும், குளிக்க விடப் பயம். மதிய வெயிலில் ஒதுங்க நிழலும் அதிகமில்லை. போதாததற்கு, பறவைக்கும் தண்ணீருக்கும் நல்ல மாதங்களாகப் பார்த்துத்தான் வங்கக் கடலில் புயல் சின்னமும் உருவாகும். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது விழுந்த தென்னைகளை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. கோடியக்கரையில் வெளிமான்களையும் பூநாரைகளையும் பார்க்க ஆசைதான். அதற்கு வேதாரண்யத்தில் ஒரு ராத்திரி தங்குவது நல்லது என்று படுகிறது. பிள்ளைகளோடு ஒரே நாளில் போய்வர எனக்குத் தைரியமில்லை.

கடலுக்குப் பதிலாக முத்துப்பேட்டைக்குப் போனோம், நாத்தனார் வீட்டுக்காரரும் அதில் சமாதானம் ஆகிவிட்டார். ஜாம்புவானோடையிலிருந்து கிளம்பும் படகு கோரையாற்று வழியாக அலையாத்திக் காட்டுக்குள் போய், காயலில் வெளியே வருகிறது. சேற்றிலிருந்து மேல்நோக்கி முளைத்து நிற்கும் மூச்சு வேர்களைப் படகிலிருந்தே பார்க்கலாம். வனத்துறை அனுமதி வேண்டும், தண்ணீர் மட்டத்தையும் காற்றையும் பார்த்துத்தான் விடுகிறார்கள். முந்தின நாளே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகளுக்கு ஏற்ற அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள். காலை முதல் படகில் ஏறினால் வெயில் ஏறுமுன் கரைக்கு வந்துவிடலாம். உள்ளே கடை கண்ணி எதுவும் கிடையாது. குடிதண்ணீரும் தொப்பியும் புளிசாதமும் இங்கிருந்தே எடுத்துப் போக வேண்டும்.