இலவச சாச்சுரேஷன் நொப்: திட்டிக்கொண்டே பாவிக்கும் பிளகின்

மூதூரில் கல்யாண வீடியோவுக்கும் கோயில் பாட்டுக்கும் இசை செய்து கொடுக்கும் தம்பி ஒருவர் போன கிழமை மூன்று படங்கள் அனுப்பியிருந்தார். மூன்றும் சாச்சுரேஷன் பிளகின்களின், அதாவது ஒலியைக் கொஞ்சம் கரகரப்பாக்கித் தடிக்கவைக்கும் சிறு மென்பொருள்களின், தள்ளுபடி விளம்பரங்கள்: சவுண்ட்டோய்ஸின் டெக்கப்பிட்டேட்டர், ஃபேப்ஃபில்டரின் சாட்டர்ன் 2, மற்றது பழைய டேப் பதிவின் ஒலியைப் போலச் செய்யும் ஒரு டேப் பிளகின். "அண்ணை, எதை எடுக்கிறது? நீங்கள் எதைப் போடுறனீங்கள்?" என்று கேள்வி. நான் போடுவது சொஃப்ட்டியூப்பின் சாச்சுரேஷன் நொப். காசில்லாமல் கிடைப்பது. அதை மட்டும் பதிலாக அனுப்பினால், அண்ணைக்குச் செலவழிக்க மனம் வராது என்று முடிவு கட்டிவிடுவார். ஆகவே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். திருகோணமலைப் பக்கம் உவர்மலையிலும் நிலாவெளியிலும் வீட்டுக்குள்ளேயே ஸ்டூடியோ வைத்திருக்கிற வேறு ஆட்களும் இதையே கேட்டிருக்கிறார்கள்.

பிளகினைத் திறந்தால் ஒரு பெரிய குமிழ், கீழே மூன்று நிலை உள்ள ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். கீப் ஹை என்று வைத்தால் மேல் மீடிறன்களைத் தொடாமல் கீழ்ப்பக்கத்தை மட்டும் கரகரப்பாக்கும். கீப் லோ அதற்கு மறுவளம். நியூட்ரலில் எல்லாம் ஒரே மாதிரி.

இதை நான் கைவிடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் தவில். தவிலை வீட்டு அறையில் பதிவு செய்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். வலப்பக்கமான வலந்தலையில் விரல்கூடு படும் சத்தம் மைக்கில் ஊசிபோல ஏறும். இடப்பக்கமான தொப்பியில் கழி விழும் சத்தமோ அறையில் நெஞ்சை இடிக்கும். பதிவைப் போட்டுக் கேட்டால் ஆளைக் காணோம். மீடிறன்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் கீழ்ப்பக்கத்தைத் தூக்கலாம்தான். நல்ல ஹெட்போனில் கேட்கும். ஆனால் நாங்கள் செய்யும் பாட்டை ஹெட்போனில் யார் கேட்கிறார்கள்? போனில் கேட்பார்கள், ஓட்டோவில் கேட்பார்கள், திருவிழா நேரம் பத்ரகாளி அம்மன் கோயில் பக்கம் கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியில் கேட்பார்கள். போனாலும் கூம்பாலும் 100 ஹேர்ட்ஸை ஒழுங்காகத் தர முடியாது. தர முடியாததை எவ்வளவு தூக்கி என்ன?

சாச்சுரேஷன் உதவுவது இந்த இடத்தில்தான். 100 ஹேர்ட்ஸ் அலையின் தலையை அது மழுக்கும்போது 200, 300, 400 என்று மேற்றொனிகள் பிறக்கின்றன. கூம்பு அந்த 100 ஐ விழுங்கினாலும் மேலே உள்ளவற்றை விட்டுவைக்கும். கீபோர்ட் பேஸுக்கும் இதே கணக்கு. 60 இல் இருக்கும் பேஸ் போனில் 120, 180, 240 ஆகத்தான் வந்து சேரும். அவற்றை வைத்துக்கொண்டு அடியில் இருக்கவேண்டிய 60 ஐக் காதே ஊகித்துக்கொள்ளும். கீப் ஹையில் வைத்து, குமிழைக் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே திருப்பினால் தொப்பி எழும்புகிறது. விரல்கூட்டின் கூர்மை அப்படியே நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய பிளகின்களில் இரண்டு மூன்று பாண்டாக, அதாவது மீடிறன் பகுதிகளாக, பிரித்து நான் செய்துகொண்டிருந்த வேலையை ஒரு சுவிட்ச் செய்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு அதில் ஆச்சரியம்தான்.

சரி, இனிக் கோபத்துக்கு வருகிறேன். இந்தப் பிளகினில் அவுட்புட் குமிழ் இல்லை!

என்ன பெரிய குறை என்று கேட்கலாம். சாச்சுரேஷன் ஏற்ற ஏற்றச் சத்தமும் கூடிக்கொண்டே போகும். மனிதக் காதுக்கு ஒரு பலவீனம் உண்டு: ஒரே பாட்டை இரண்டு அளவில் கேட்கவைத்தால், கொஞ்சம் சத்தமாக இருப்பதையே நல்லது என்று சொல்லும். ஒரு டெசிபெல் வித்தியாசமே போதும், சத்தம் கூடியிருக்கிறது என்றுகூடத் தெரியாமல் "இதுதான் நல்லம்" என்போம். குமிழைத் திருப்பியவர் குரலுக்கு உயிர் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார். அளவைச் சமமாக்கிக் கேட்டால் பாதி நேரம் பழையதுதான் நன்றாக இருக்கும். அளவைச் சமப்படுத்தாமல் எந்த சாச்சுரேஷனையும் மதிப்பிட முடியாது. அதற்கு வேண்டிய ஒரே ஒரு குமிழை விட்டுவிட்டுத்தான் அவ்வளவு பெரிய குமிழை நடுவில் வைத்திருக்கிறார்கள்.

ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் நான் செய்யும் கூத்தைச் சொல்கிறேன். இந்தப் பிளகினுக்குப் பின்னால் ரீப்பரோடு வரும் சத்தக் குமிழான ஜேஎஸ் வொல்யூம் அட்ஜஸ்ட்மென்ட்டைப் போட்டு, அதை நொப்போடு லிங்க் செய்து, ஸ்கேலை மறைப் பெறுமானமாக வைத்திருக்கிறேன். நொப் ஏறினால் வொல்யூம் இறங்கும். ஆனால் எவ்வளவு இறங்கவேண்டும் என்பது உள்ளே போகும் சத்தத்தைப் பொறுத்தது. தவிலுக்குச் சரிவந்த அளவு குரலுக்குச் சரிவராது. ஆகவே ஒவ்வொரு ட்ராக்கிலும் மீண்டும் பிளகினை நிறுத்திப் பார்க்கும் பைபாஸைப் போட்டு, எடுத்து, காதால் அளந்து, ஸ்கேலை மாற்றி... ஒரு பாட்டு முடிவதற்குள் அந்தப் பெரிய குமிழைப் பார்க்கவே எரிச்சல் வந்துவிடும். பழைய ஒலியோடு இதை எவ்வளவு கலப்பது என்று குறைக்கவும் குமிழ் இல்லை. ரீப்பரின் வெட் குமிழ்தான் கைகொடுக்கிறது.

தம்பி கேட்ட டெக்கப்பிட்டேட்டரில் அவுட்புட் பக்கத்தில் ஆட்டோ என்று ஒரு பொத்தான் உண்டு. கரகரப்பை ஏற்றும் டிரைவைக் கூட்டினால் அவுட்புட்டைத் தானே குறைக்கும். மிக்ஸ் குமிழும் இருக்கிறது. ஸ்டூடியோக் கருவிகளைப் போலச் செய்யும் ஐந்து குணங்கள் வேறு: ஏ என்றால் ஆம்பெக்ஸ் டேப் மெஷினின் பிரீஅம்ப், ஈ என்றால் இஎம்ஐ வழிவந்த சண்ட்லர், என் நீவ், டீயும் பீயும் கல்ச்சர் வல்ச்சர் வால்வுப் பெட்டியின் இரண்டு முகங்கள். பனிஷ் பொத்தானை அமுக்கினால் இன்னொரு 20 டெசிபெல் ஏறும். டெமோவில் ஒரு ஆண் குரலுக்கு ஏ போட்டுப் பார்த்தேன். குரல் முன்னால் வந்து நின்றது, தடித்த மாதிரியும் இல்லை. அதை நன்றாக இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் எங்கள் ஊர் வேலையில் பாதி நாதஸ்வரம். இணையத்தில் சாச்சுரேஷன் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கிற்றாரையும் டிரம்ஸையும் வைத்துத்தான் பேசுவார்கள். நாதஸ்வரம் கூம்புக் குழல், இரட்டை நாக்குச் சீவாளி. பிறக்கும்போதே மேற்றொனிகளால் நிறைந்த வாத்தியம். அதற்கு மேலும் மேற்றொனி சேர்ப்பது உப்பளத்துக்கு உப்பு அனுப்புவது. ஏற்கெனவே மேலே இருக்கும் 10 கிலோஹேர்ட்ஸுக்கு மூன்று மடங்கில் மேற்றொனி பிறந்தால் 30 இல் விழவேண்டும். 44.1 கிலோஹேர்ட்ஸ் சாம்பிள் வேகத்தில் வேலை செய்யும் புரொஜெக்டில் அதன் பாதியான 22.05 க்கு மேல் இடமில்லை. அது மடிந்து 14.1 இல் வந்து விழும். எந்தச் சுரத்தோடும் சேராத ஒலி. வித்வான் மேலே போகப் போக அது கீழே இறங்கும். நாதஸ்வரத்தில் சாச்சுரேஷன் போட்டுவிட்டு எங்கோ குளவி பறக்கிறது என்று தேடுகிறவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள்.

இதற்குப் பரிகாரம் ஓவர்சாம்பிளிங், அதாவது பிளகினுக்குள் மட்டும் அந்த வேகத்தைப் பல மடங்காக்குவது. சாட்டர்ன் 2 இன் சுப்பர்ப் நிலையில் 32 மடங்கு வரை போகலாம். ஆறு பாண்ட் வரை பிரிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 28 வகைக் கரகரப்பில் எது வேண்டுமோ அதைப் போடலாம். கணினி பலமாக இருந்தால் அருமை. ரீப்பர் பாவிப்பவர்களுக்கு இன்னொன்று: எந்தப் பிளகினுக்கும் ரீப்பரே ஓவர்சாம்பிளிங் போட்டுத்தரும். இலவச நொப்புக்கும்தான். ஆனால் நாதஸ்வரத்துக்கு நான் ஒன்றுமே போடுவதில்லை. சும்மா விட்டால் அதுவே வெட்டிக்கொண்டு வரும்.

சுருதியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் தம்பி, முழுப் பாட்டும் ஒன்றுசேரும் மாஸ்டரில் டேப் போடுகிற ஆள். இரண்டு சுரங்கள் ஒரே சாச்சுரேஷனுக்குள் போனால் அவற்றின் வித்தியாசமும் ஒலியாக வெளியே வரும், இரட்டைப்படை மேற்றொனி தரும் வகைகளில் முக்கியமாக. ஷட்ஜம் 200, பஞ்சமம் 300 என்றால் வித்தியாசம் 100. அது கீழ் ஷட்ஜம். நல்லது, சுருதி கனமாகும். அதன் மேல் ஒருவர் பாடும்போதுதான் தொல்லை. காந்தாரத்தில் 250 இலிருந்து 260 க்குக் குரல் அசைகிறது என்று வையுங்கள். குரலில் அது அரைச்சுரத்துக்கும் குறைந்த அசைவு. அடியிலே வித்தியாச ஒலி 50 இலிருந்து 60 க்குப் போகிறது. அது மூன்று அரைச்சுரம். கமகம் அழகாக இருக்க இருக்க அடியில் குழப்பம் கூடும். கீபோர்ட் கோர்ட்ஸுக்கும் இதே கதை: சுத்தமான காந்தாரம் 250 என்றால் கீபோர்ட்டின் காந்தாரம் 252, அடியில் 50 வரவேண்டிய இடத்தில் 52 வந்து பேஸோடு சண்டை பிடிக்கும். ஆகவே சாச்சுரேஷனைத் தனித்தனி ட்ராக்கில் போடுங்கள். சுருதிப் பெட்டியும் குரலும் சேர்ந்துபோகும் பொது ட்ராக்கில் போட்டால், மெல்லிசாகவே போடுங்கள்.

இன்னொன்று, சாச்சுரேஷன் கம்பிரஸரும்தான். உச்சத்தை அமுக்கினால் அடியில் கிடப்பது எழும்பும். உப்புவெளியில் ஜன்னலைச் சாத்தியிருந்தாலும் காகமும் கடல் இரைச்சலும் பதிவுக்குள் இருக்கும். டிரைவைப் பாதிக்கு மேலே தள்ளினால் கோணேசர் பாட்டின் நடுவே காகம் பக்கப்பாட்டுப் பாடும்.

அந்த டேப் பிளகின் யாருடையது என்று சொல்லப்போவதில்லை. அதே கடையில் நானும் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மழைக்காலத்தில் கறண்ட் போய் வந்ததில் லப்டொப்பின் போர்ட் எரிந்தது. புதிய போர்டில் அதே பிளகினைத் திறந்தால், லைசன்ஸ் வேறு கணினியில் இருக்கிறதாம், அந்தக் கணினியில் போய் விடுவிக்கட்டாம். எரிந்த கணினியில்! மின்னஞ்சல் எழுதினேன், தானியங்கிப் பதில் வந்தது. இன்னொன்று எழுதினேன், அதே பதில். ரூபாயை டொலராக்கி வாங்கிய சாமான் அப்படியே போனது. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆகவே கீழே வரும் தீர்ப்பில் இந்தச் சூடும் கொஞ்சம் இருக்கும்.

நியாயமாகக் கணக்குப் பார்த்தால் தம்பி டெக்கப்பிட்டேட்டரை எடுக்கவேண்டும். அவுட்புட் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, ஆண் குரலுக்கு இதைவிட இலேசான வழி எனக்குத் தெரியாது. ராப் செய்கிறவர்கள், கிற்றார் பதிவு செய்கிறவர்கள் யோசிக்காமல் எடுங்கள். ஆனாலும் தம்பிக்கு மட்டும் எடுக்க வேண்டாம் என்றுதான் எழுதினேன். தவிலும் நாதஸ்வரமும் சுருதிப் பெட்டியும்தான் அவர் வேலை. அதில் சாச்சுரேஷன் கேட்பது தவில் ஒன்று, கீபோர்ட் பேஸ் இரண்டு. இரண்டுக்கும் கீப் ஹை போதும். நவராத்திரிக் கும்ப விழாவுக்கு ஒரு பாட்டு ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதில் தவிலுக்கு இந்த நொப்பைத்தான் போடுவேன், ஸ்கேலை மறுபடி மறுபடி மாற்றிக்கொண்டு, அவுட்புட் குமிழ் வைக்காத ஆட்களை வாய்க்குள் திட்டிக்கொண்டு.