ஃபிஸ்டுலா ஊசி: ஐஸா, பாட்டா, பட்டன்ஹோலா?

வாரம் மூன்று டயாலிசிஸ், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஊசி என்றால் வருடத்துக்கு 312 குத்து. வாரம் இரண்டு முறை போகிறவருக்கும் 208. இரத்தப் பரிசோதனைக்குக் குத்துவது பெரும்பாலும் 21, 22 கேஜ் ஊசி. ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கிய நாளம்) ஏறுவது 15 முதல் 17 கேஜ். எண் குறையக் குறைய ஊசி தடிமன். மரத்துப்போகிற கிரீம் இருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரம் முன்பே தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி வர வேண்டும். மரத்துப்போக லிக்னோகைன் ஊசி போட்டால் அதுவே இன்னொரு குத்து. அதனால்தான் மருந்தில்லாத வழிகளுக்கு இவ்வளவு கிராக்கி. அவற்றில் எது நல்லது என்று சொல்வதற்கு முன், உங்களைப் படுத்துவது குத்தும் அந்த நொடியா, அதற்கு முந்தைய அரை மணி நேரமா என்று தெரிய வேண்டும். நொடி வலிக்கு ஐஸ். காத்திருக்கும் பயத்துக்குப் பாட்டும் மூச்சும். இரண்டையும் மாற்றிப் பிடித்துவிட்டு 'எனக்கு எதுவும் பலிக்கல' என்பவர்கள் நிறைய.

எதைத் தேர்ந்தாலும் முதலில் ஒரு காசில்லாத வேலை. ஸ்பிரிட் கலந்த கிருமிநாசினி காயும் முன் ஊசி ஏறினால் அந்த ஈரமும் சேர்ந்து எரியும். குளோர்ஹெக்சிடின் கலவை காய அரை நிமிடமாவது ஆகும், பெட்டாடினுக்கு இரண்டு மூன்று நிமிடம். ஷிப்டுக்கு மேல் ஷிப்ட் ஓடுகிற யூனிட்டில் இந்த நிமிடங்கள்தான் முதலில் பறிபோகும். "காஞ்சதும் குத்துங்க சிஸ்டர்" என்று கேட்பதில் தப்பே இல்லை. வாயால் ஊதிக் காயவைக்க மட்டும் கூடாது.

ஐஸ், அதுவும் எதிர்க்கையில்

ஐஸை ஃபிஸ்டுலா மேலேயே வைப்பதுதான் பலரும் செய்வது. குளிரில் நாளம் சுருங்கும், தோல் விறைக்கும், ஊசி ஏற்றுபவருக்கு இடம் பிடிபடாது. ஐஸ் போக வேண்டியது மறு கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில். டெல்லி எய்ம்ஸில் 60 ஃபிஸ்டுலா நோயாளிகளை வைத்துச் செய்து 2008இல் வெளியான ஆய்வில் பயன்பட்டதும் இந்த இடம்தான்; ஐஸ் வைத்தவர்களுக்கு வலி குறைந்தது. இரண்டு மூன்று ஐஸ் கட்டிகளைக் கையுறைக்குள் போட்டு முடிச்சிட்டு, மெல்லிய துணி சுற்றி, ஊசிக்கு 10 நிமிடம் முன்பு தொடங்கித் தேய்த்துக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் அழுத்தி வைத்தால் தோல் வெந்துபோகும். இரண்டாவது ஊசி ஏறும்வரை எடுக்காதீர்கள். முதல் ஊசியோடு நிறுத்துவதுதான் இதில் வழக்கமான தவறு.

சர்க்கரை நோயால் விரல்கள் மரத்துப்போனவர்களுக்கு இது வேண்டாம், தோல் புண்ணாவது தெரியாது. மிச்சக் கட்டியை வாயில் போட்டுக்கொண்டால் அது அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஐஸும் அதிர்வும் சேர்ந்த சிறு கருவிகள் (தேனீ வடிவ 'பஸ்ஸி' போன்றவை) குழந்தைகளின் தடுப்பூசிக்கு நன்றாக உதவுகின்றன. ஃபிஸ்டுலாவில் அவ்வளவு சௌகரியம் இல்லை: குத்தும் இடத்துக்குச் சற்று மேலே வைக்க வேண்டும், அங்கே வைத்தால் நாளத்தின் திரில்லை (இரத்தம் ஓடும்போது விரலில் தெரியும் அதிர்வை) தடவிப் பார்க்கும் விரல் குழம்பும். கையுறை ஐஸ் செலவில்லாமல் கிடைக்கும்போது இதற்குப் பணம் போடத் தேவையில்லை.

பயத்துக்கு: பாட்டு, விஆர், வாசனை

பாட்டுக்குத்தான் என் ஓட்டு. ஊசிக்கு 10 நிமிடம் முன்பே போட்டுவிட வேண்டும். டூர்னிகே (நாளம் புடைக்கக் கையில் கட்டும் பட்டை) கட்டிய பிறகு ஹெட்போனைத் தேடினால் பயம் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், டெக்னீஷியன் சொல்வது காதில் விழ வேண்டும்.

கண்ணை மூடி வேறொரு உலகத்தைக் காட்டும் விஆர் கண்ணாடி கவனத்தை இன்னும் ஆழமாக இழுக்கும். ஆனால் தலைசுற்றல், குமட்டல் வரலாம். விழித்திரை கெட்டவருக்குப் பயன் குறைவு. ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைத்தாக வேண்டும். கண்ணாடி கண்ணை மறைத்திருக்கும்போது சொல்லாமல் குத்தினால் கை வெடுக்கென்று இழுபடும். ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தைரியம் என்பவர்களும் உண்டு, அவர்களுக்கு இது எதிர்விளைவுதான்.

லாவெண்டர் எண்ணெய் இரண்டு சொட்டு பஞ்சில் விட்டு முகர்வது சிலருக்கு அமைதி தரும். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஆஸ்துமா என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

மூச்சு, இருமல், பந்து

நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவதை ஐந்து நிமிடம் செய்து, ஊசி ஏறும்போது விடுமூச்சில் இருங்கள். மூச்சைப் பிடித்தால் தோள் முதல் விரல்வரை இறுகும். குத்தும் நொடியில் இருமுகிற தந்திரம் சாதாரண ஊசிக்குச் சரி. 15 கேஜ் ஊசி நாளத்துக்குள் நுழையும் நேரத்தில் உடம்பு குலுங்கினால் முனை மறுபக்கச் சுவரைத் துளைத்துவிடும். பந்தை அழுத்தலாம், மறு கையில் மட்டும்.

ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் தளர்வும் நேர்மாறாக வேலை செய்யும். அவர்களுக்குப் பிரஷர் இறங்குவதுதான் பிரச்சினை. தளர்ந்தால் இன்னும் இறங்கும். தொடைகளையும் மறு கையையும் 10–15 விநாடி இறுக்கி, அரை நிமிடம் விட்டு, ஐந்து தடவை செய்யச் சொல்லுங்கள். டயாலிசிஸுக்கு முன் பிரஷர் ஏறிக் கிடப்பவர் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

எங்கே குத்துவது

'பழைய இடத்துலயே குத்துங்க, அங்க வலிக்காது' என்ற வேண்டுகோள் எல்லா யூனிட்டிலும் கேட்கும். வலிக்காததற்குக் காரணம் தோல் நைந்து தழும்பேறியதுதான். அதே விரலகலத்தில் மாறி மாறிக் குத்தினால் நாளச் சுவர் தொய்ந்து புடைத்து அன்யூரிசமாகும். வலியில்லாத வழிகளில் இதுதான் மிக மோசமானது.

பட்டன்ஹோல் இதுபோலத் தோன்றினாலும் வேறு. ஒரே துளை, ஒரே கோணம், ஒரே ஆழம். பாதை உருவாகும்வரை, ஏறத்தாழ 6 முதல் 10 தடவை, ஒரே ஆள் கூரிய ஊசியால் குத்திய பிறகு மழுங்கிய ஊசிக்கு மாறுவார்கள். ஒவ்வொரு முறையும் பொருக்கை ஈரத் துணியால் ஊறவைத்து எடுத்து, மறுபடி சுத்தம் செய்ய வேண்டும். நகத்தால் கிள்ளினால் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி நேரே இரத்தத்தில். வலி குறைவதாகச் சில ஆய்வுகளும், வித்தியாசமே இல்லை என்று சில ஆய்வுகளும் சொல்கின்றன. தொற்று கூடுகிறது என்பதில்தான் கருத்து ஒன்றுபடுகிறது. வீட்டில் தனக்குத் தானே குத்திக்கொள்பவருக்குப் பொருந்தும். டெக்னீஷியன் தினமும் மாறுகிற இடத்தில் வேண்டாம். அமெரிக்காவின் 2019 கேடோக்கி (KDOQI) சிறுநீரக சிகிச்சை வழிகாட்டியும் ஏணிப்படி முறையையே முன்னுக்கு வைக்கிறது: நாளத்தின் முழு நீளத்திலும் ஒவ்வொரு முறையும் பழைய துளையிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிக் குத்திக்கொண்டே போவது. புதுத் தோல் என்பதால் வலி கொஞ்சம் கூடும். மேலே சொன்ன ஐஸ் அதற்குத்தான்.

ஊசி ஏறிய பிறகும் வலி தொடர்ந்தால், சுற்றிலும் உப்பினால், மிஷினில் பிரஷர் அலாரம் அடித்தால் உடனே சொல்லுங்கள். பாட்டைக் கூட்டி வைத்துப் பல்லைக் கடிக்க வேண்டாம். இரத்தம் நாளத்துக்கு வெளியே கசிந்துகொண்டிருக்கலாம். கசிந்திருந்தால் மட்டும் ஐஸ் ஃபிஸ்டுலா கைக்கே வரும்: துணி சுற்றி 20 நிமிடம் வைத்து 20 நிமிடம் எடுத்து, முதல் 24 மணி நேரம்.